தாயாரின் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குக் கணினி நேவிகேஷன் அவசியமா?

கேள்வி: மலைக்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 67 வயது ஆகிறது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் முற்றிவிட்டதாக எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர்கள் அனைவரும் ஒரே குரலில் கூறிவிட்டார்கள். இரண்டு கால்களும் முழங்காலில் வெளிப்பக்கமாக வளைந்துள்ளன. வலது காலில் வளைவு அதிகம். மாத்திரைகள், மூட்டுக்குள் போடும் ஊசி, பிசியோதெரபி என எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. இப்போது வீட்டுப் படி இறங்கவே கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது; இரவில் புரண்டு படுத்தால் வலியில் விழித்துக்கொள்கிறார். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. ஆகவே அறுவை சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்பதில் எங்கள் குடும்பத்தில் இனி விவாதம் இல்லை. எந்த முறையில் செய்வது என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

திருச்சியில் நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் நீண்ட அனுபவம் உள்ளவர். வழக்கமான கருவிகளைக் கொண்டே செய்வதாகவும், கணினி எதுவும் தேவையில்லை என்றும் சொன்னார். இரண்டாவதாகப் பார்த்தவர் கணினி நேவிகேஷன் முறையில் மட்டுமே செய்கிறார். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சென்னையில் ஒரு மருத்துவமனையிலோ சி.டி. ஸ்கேன் எடுத்து ரோபோ உதவியுடன் செய்வதாகவும், எலும்பு மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டப்படும் என்றும் சொல்கிறார்கள். முதல் மதிப்பீட்டுக்கும் கடைசி மதிப்பீட்டுக்கும் இடையே, ஒரு காலுக்கு மட்டுமே, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு இருக்கிறது.

பணத்தைக் காட்டிலும் அம்மா வலியின்றி நடப்பதுதான் எங்களுக்குப் பெரிது. ஆனால் அந்தக் கூடுதல் பணம் உண்மையில் அவருடைய காலுக்கு எதைத் தருகிறது என்பது தெரிந்த பின்பே செலவிட விரும்புகிறேன். கணினி அறுவைக் கூடத்தில் என்னதான் செய்கிறது? நேவிகேஷனும் ரோபோவும் ஒன்றா, வேறா? இவற்றால் செயற்கை மூட்டு கூடுதல் காலம் உழைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்களும், குடும்பத்தில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர்

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் எலும்பு மூட்டு அறுவைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வழக்கமான கருவிகளைக் கொண்டும், பிற்காலத்தில் நேவிகேஷனைக் கொண்டும் இந்த அறுவை சிகிச்சையைச் செய்திருக்கிறேன். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்னதுதான் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை நீங்கள் அறிந்துகொள்ள உதவ முடியும்.

இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு நேர்க்கோடு போட்டால், நலமான காலில் அது ஏறத்தாழ முழங்காலின் நடுவே செல்லும். உங்கள் அம்மாவைப் போலக் கால் வெளிப்பக்கம் வளைந்தவர்களுக்கு அந்தக் கோடு முழங்காலின் உட்பக்கத்தில் விழுவதால், உடலின் எடை அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பின் மீதே மேன்மேலும் இறங்கி அதைத் தேய்த்துவிடுகிறது. அறுவை சிகிச்சையில் தொடை எலும்பின் கீழ்முனையையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்து, அங்கே உலோகப் பாகங்களைப் பொருத்தி, இடையில் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கிறோம். எந்தக் கோணத்தில் சீவுகிறோம் என்பதைப் பொறுத்தே அந்தக் கோடு மறுபடியும் நடுவுக்கு வருகிறதா என்பது அமைகிறது.

வழக்கமான முறையில் தொடை எலும்பின் கீழ்முனையில் துளையிட்டு, மஜ்ஜை இருக்கும் உட்குழலுக்குள் ஒரு நீண்ட கம்பியைச் செலுத்துகிறோம். பின்னர் அந்தக் கம்பியிலிருந்து ஐந்து முதல் ஏழு டிகிரி வரை கணக்கிட்டு, எலும்பை அறுக்கும் வாள் செல்ல வேண்டிய பாதையைக் காட்டும் சட்டத்தைப் பொருத்துகிறோம். எலும்பு ஓரளவு நேராக இருக்கும்போது இது நம்பகமான முறைதான். உலகெங்கும் பல பத்தாண்டுகளாக நல்ல பலன் தந்த முறையும்கூட. தொடை எலும்பே வில்போல வளைந்திருந்தால், அல்லது பழைய முறிவு கோணலாகக் கூடியிருந்தால், உள்ளே செல்லும் கம்பி தவறான திசையைக் காட்டும். ஆசிய நாட்டவரிடையே தொடை எலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பது அதிகம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நேவிகேஷன் முறையில் அந்தக் கம்பி எலும்புக்குள் செல்வதில்லை. தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் மெல்லிய திருகுக் கம்பிகளைப் பொருத்தி, அவற்றின் மீது ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை மாட்டுகிறோம். அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் கேமரா அந்த உருண்டைகளை இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருக்கும். மருத்துவர் காலைப் பிடித்து மெல்லச் சுழற்றும்போது, அந்தச் சுழற்சியின் வடிவத்திலிருந்து இடுப்பு மூட்டின் மையம் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி கணக்கிட்டுக்கொள்கிறது. முழங்காலிலும் கணுக்காலிலும் குறிப்பிட்ட புள்ளிகளை ஒரு கோலால் தொட்டுக் காட்டியபின், காலின் கோணமும், காலை மடக்கும்போதும் நீட்டும்போதும் மூட்டின் இரு பக்கங்களிலும் இருக்கும் இடைவெளியும் திரையில் எண்களாகத் தெரியும். எலும்பைச் சீவும் முன்பும் பின்பும் அளந்து பார்க்க முடிவதுதான் இதன் பெரிய நன்மை. சீவுவது மருத்துவரின் கைதான்.

இந்த முறையில் முதல் முழங்கால் மாற்று அறுவை 1997 ஜனவரி 21 அன்று பிரான்சின் கிரெனோபிள் நகரில், டொமினிக் சரகாலியா என்னும் அறுவை மருத்துவரின் குழுவால் செய்யப்பட்டது. ஆகவே இது நேற்று வந்த புதுமை அன்று. ரோபோ அதற்கு அடுத்த படி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ரோபோடாக் என்னும் இயந்திரம் 1992-ஆம் ஆண்டிலேயே கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் இடுப்பு மூட்டு மாற்றுக்குப் பயன்படுத்தப்பட்டுவிட்டது. இன்று பரவலாக இருக்கும் மாக்கோ போன்ற ரோபோக்களில், சி.டி. ஸ்கேனிலிருந்து திட்டம் வகுத்துக்கொண்டு, மருத்துவரே வாளைப் பிடித்து வெட்டுகிறார். திட்டமிட்ட எல்லையை வாள் தாண்டும்போது இயந்திரக் கை தடுத்து நிறுத்துகிறது. தானாகவே எலும்பைச் சீவும் வகைகளும் உண்டு. எந்த வகையாக இருந்தாலும் ரோபோவுக்குள் இருப்பது நேவிகேஷன்தான். அதன் மேல் வெட்டும் செயலுக்கு ஒரு கட்டுப்பாடு சேர்ந்திருக்கிறது.

இனி, மூட்டு கூடுதல் காலம் உழைக்குமா என்னும் உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேர்க்கோட்டிலிருந்து மூன்று டிகிரிக்குள் கால் அமைய வேண்டும் என்பது எங்களுக்கெல்லாம் பாடமாகச் சொல்லப்பட்டது. 1991-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வில், அந்த எல்லைக்குள் அமைந்த மூட்டுகளில் 3 விழுக்காடும், எல்லை தவறியவற்றில் 24 விழுக்காடும் தளர்ந்துபோனதாகக் கண்டார்கள். அந்த எண்கள்தான் நேவிகேஷனுக்கு வலுவான நியாயத்தைத் தந்தன. ஆனால் 2010-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக், நவீன வடிவமைப்பு கொண்ட 398 மூட்டுகளைப் பதினைந்து ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்தபோது, மூன்று டிகிரிக்குள் இருந்தவையும் வெளியே இருந்தவையும் ஏறக்குறைய ஒரே அளவில் உழைத்திருந்தன. தென்கொரியாவில் 520 நோயாளிகளுக்கு ஒரு முழங்காலை நேவிகேஷன் கொண்டும் மற்றொன்றை வழக்கமான முறையிலும் மாற்றிச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கவனித்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மனிதரின் இரண்டு கால்கள் என்பதால் வயது, எடை, நோய், பழக்கம் எல்லாம் சமம். வலியிலும் நடையிலும் மூட்டின் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதே குழு பின்னர் ரோபோ முறையைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்ட முடிவும் இதையே சொன்னது.

நேவிகேஷனில் கால் திட்டமிட்ட கோணத்தை விட்டு விலகுவது குறைகிறது, இதில் ஐயமில்லை. அந்தத் துல்லியம், சாதாரண வளைவுள்ள முழங்காலில், நோயாளி உணரக்கூடிய நன்மையாக மாறுகிறது என்பதற்குத்தான் உறுதியான சான்று கிடைக்கவில்லை. முன்பு சொன்னதுபோல எலும்பு வளைந்தோ, பழைய முறிவு கோணலாகக் கூடியோ இருக்கும் கடினமான முழங்காலில் நிலைமை வேறு. அங்கே நான் நேவிகேஷனை விரும்பிக் கேட்பேன்.

எனவே உங்களிடம் இரண்டு கேள்விகள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக, நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே உங்களிடம் இருக்கிறதா? அம்மாவுக்கு எப்போதாவது தொடையிலோ காலிலோ எலும்பு முறிந்திருக்கிறதா? இவற்றுக்கு விடை தெரியாமல், எந்த முறை என்று பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.


பதில்: கோவை ஆசிரியை

எனக்கு வலது முழங்காலில் நேவிகேஷன் முறையில்தான் அறுவை சிகிச்சை நடந்தது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இப்போது காலையில் பூங்காவில் நடக்கிறேன், பேருந்தில் ஏறி இறங்குகிறேன், நெடுநேரம் நின்று சமைக்கிறேன். எனக்குக் கிடைத்த பலனில் மனநிறைவு உண்டு. ஆயினும் அதில் கணினியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளியாகிய நாம் அறுவைக்கு முன்னும் பின்னும் எதிர்கொள்பவற்றையே எழுதுகிறேன்.

முழங்காலுக்கு நேரே இருக்கும் நீண்ட தையலைத் தவிர, தொடையிலும் முன்காலிலும் சிறு தழும்புகள் எனக்கு இருந்தன. கேமரா பார்க்கும் உருண்டைகளைப் பொருத்திய இடங்கள் அவை என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன். முன்காலில் அந்த இடம் சில வாரங்கள் தொட்டால் வலித்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அஞ்சியிருக்க மாட்டேன். ஆகவே உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

மயக்கம் தெளிந்து ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்க வைத்துவிடுவார்கள். நடப்பது அவ்வளவு கடினமன்று. காலை மடக்குவதும், முழுவதுமாக நீட்டுவதும்தான் கடினம். முதல் ஆறு வாரங்களில் பிசியோதெரபியில் காட்டும் அக்கறை மிக முக்கியம். நீட்டல் முழுதாக வராமல் விட்டுவிட்டால், எந்த இயந்திரம் கொண்டு செய்திருந்தாலும் நடை சாய்ந்தே இருக்கும். குதிகாலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைப் படுக்கையை நோக்கி அழுத்தும் பயிற்சி எளிதாகத் தோன்றும். அதைத் தவறாமல் செய்வதற்கு வீட்டில் ஒருவர் உடனிருந்து ஊக்கப்படுத்த வேண்டும். அறுவைக்கு முன்பே தொடைத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்கியது எனக்குப் பெரிதும் உதவியது.

தரையில் சம்மணமிட்டு அமர்வதும், குத்துக்காலிடுவதும், இந்திய முறைக் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் இனி வேண்டாம் என்றார் என் மருத்துவர். உங்கள் அம்மா தினமும் தரையில் அமர்ந்து பூசை செய்பவராகவோ, அரிவாள்மனையில் காய் நறுக்குபவராகவோ இருந்தால், வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்களை அறுவைக்கு முன்பே செய்துவிடுங்கள். மனத்தளவில் அவரும் தயாராக வேண்டும். முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு நிறைவு அடைவதில்லை என்று என் மருத்துவரே சொன்னார். எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறு என்பது அதற்கு ஒரு பெரிய காரணம் என்பதை என்னுடன் பிசியோதெரபிக்கு வந்தவர்களிடம் கண்டேன்.


பதில்: கருவிப் பொறியாளர்

மருத்துவமனை ஒன்றில் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் நான். மூத்த மருத்துவர் ஐயா விளக்கியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபட விரும்புகிறேன்.

மூட்டின் ஆயுளில் வேறுபாடு இல்லை என்று சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் மிகத் தேர்ந்த கைகளில், ஒரே மருத்துவமனையில் நடந்தவை. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் செய்யும் ஒருவர் கம்பியைக் கொண்டே நேராக வெட்டிவிடுவார். அவருக்குக் கணினி சேர்ப்பது குறைவாகவே இருக்கும். ஒரு நாட்டின் எல்லா மருத்துவர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது படம் சற்று மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு 2015-இல் வெளியான ஆய்வில், 65 வயதுக்குக் குறைந்தவர்களில் ஒன்பது ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டோர் நேவிகேஷன் இல்லாதவர்களில் 7.8 விழுக்காடும், நேவிகேஷன் உள்ளவர்களில் 6.3 விழுக்காடும் ஆவர். குறிப்பாக, மூட்டு தளர்ந்துபோனதால் செய்யும் மறு அறுவை குறைந்திருந்தது. இளம் வயதினர் மூட்டை அதிகம் உழைக்க வைப்பவர்கள் என்பதால் அவர்களிடம் வேறுபாடு வெளிப்பட்டது நியாயமாகவே தோன்றுகிறது. உங்கள் அம்மாவின் வயது அந்த எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது. இது பதிவேட்டுத் தகவல் என்பதையும், யாருக்கு எந்த முறை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இருப்பினும் நேவிகேஷனால் நீண்டகால நன்மையே இல்லை என்று முடித்துவிட முடியாது என்பதே என் கருத்து.

அடுத்து, மில்லிமீட்டர் பிசகாது என்னும் விளம்பரத்தைப் பற்றி. கேமராவும் மென்பொருளும் ஒரு மில்லிமீட்டர், ஒரு டிகிரி அளவுக்கு நுட்பமானவை என்பது உண்மை. ஆனால் அந்த நுட்பம் மருத்துவர் தொட்டுக் காட்டும் புள்ளிகளின் மீது எழுப்பப்படுவது. தொடை எலும்பின் இரு புடைப்புகளைத் தொட்டுக் காட்டும்போது இரண்டு மருத்துவர்கள் சற்று வெவ்வேறான இடங்களைத் தொடக்கூடும். பாகம் எந்த அளவுக்கு உட்புறமோ வெளிப்புறமோ திரும்பி அமர்கிறது என்பதில் அந்த வேறுபாடு அப்படியே வந்து சேரும். தவறான புள்ளியைத் தந்தால், கணினி அந்தத் தவறான புள்ளியிலிருந்தே மிகத் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டும். திருகுக் கம்பி எலும்பில் சற்றே தளர்ந்தாலும், உதவியாளரின் கை பட்டு அசைந்தாலும், அதன் பிறகு திரையில் தோன்றும் எண்கள் அனைத்தும் பிழையாகிவிடும். இதனால்தான் எலும்பில் ஒரு சோதனைப் புள்ளியைக் குறித்துக்கொண்டு, வெட்டுவதற்கு முன் அதைத் தொட்டுச் சரிபார்க்கும் வழக்கம் உள்ளது. வெட்டு சரியாக இருந்தாலும், எலும்புச் சிமெண்ட் வைத்துப் பாகத்தை அழுத்தும்போது ஓரிரு டிகிரி மாறிவிட வாய்ப்புண்டு. கடைசியில் மறுபடி அளந்து பார்க்கும் மருத்துவர்கள் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகவே உங்கள் மருத்துவமனையில் இயந்திரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அதே மருத்துவரும் அதே குழுவும் அதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். அறுவைக்கு இடையில் கருவி பழுதானால் வழக்கமான கருவிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டுத் தயாராக இருக்குமா என்பதையும் கேளுங்கள். நல்ல மருத்துவமனையில் இக்கேள்விக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.


பதில்: காப்பீட்டு முகவர்

செலவைப் பற்றி மட்டும் சுருக்கமாக. இந்தியாவில் செயற்கை முழங்கால் பாகங்களின் விலைக்கு 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச வரம்பு விதித்தது. பெரும்பாலானோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமிய மூட்டுக்கு அப்போது அறிவித்த விலை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 54,720 ரூபாய். அந்த வரம்பு பாகத்தின் விலைக்குத்தான். நேவிகேஷன் கட்டணம், ரோபோ கட்டணம், சி.டி. ஸ்கேன், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உருண்டைகளும் வாள்களும் ஆகியவை அதற்குள் வராது. நீங்கள் காணும் ஒரு லட்சம் ரூபாய் வேறுபாட்டின் பெரும்பகுதி இவற்றில் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள்.

ரோபோ அறுவை சிகிச்சைகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் முற்றிலும் விலக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஆனால் அவற்றுக்குத் தனி உச்ச வரம்பு வைத்துள்ள பாலிசிகள் பல இருக்கின்றன. நேவிகேஷனை அந்த வரம்புக்குள் சேர்ப்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடலாம் என்பதால், முன் அனுமதிக் கடிதத்திலேயே எழுத்தில் பெற்றுவிடுங்கள். மூட்டு மாற்றுக்கெனக் காத்திருப்புக் காலம் பாலிசியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலேயே இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ள முடியும் என்பதை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.


பதில்: மலைக்கோட்டை

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டர் ஐயா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்கிறேன். நின்ற நிலையில் முழுக் காலுக்கும் எடுத்த எக்ஸ்ரே எங்களிடம் இல்லை. முழங்காலுக்கு மட்டுமே எடுத்திருக்கிறார்கள். எலும்பு முறிவு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து சென்றபோது நடந்த விபத்தில் அம்மாவின் வலது தொடை எலும்பு நடுப்பகுதியில் முறிந்தது. அப்போது வைத்த உலோகத் தகடும் திருகுகளும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. அந்த இடத்தில் வலி எதுவும் இல்லாததால், மூட்டு மருத்துவர்கள் எவரிடமும் நாங்கள் அதைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அது இந்த முடிவைப் பாதிக்குமா? தகட்டை எடுத்த பிறகுதான் மூட்டு மாற்ற வேண்டுமா? இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னதைப் பற்றியும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.


பதில்: ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர்

நீங்கள் இப்போது சொன்ன செய்தி வலது காலைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அம்மாவின் வலது முழங்கால், நான் முன்பு குறிப்பிட்ட கடினமான வகையைச் சேர்ந்தது.

தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் தொடை எலும்பின் உட்குழலைக் குறுக்காகக் கடந்து நிற்கின்றன. வழக்கமான முறையில் செலுத்தும் நீண்ட கம்பி அவற்றில் முட்டி நின்றுவிடும். குட்டையான கம்பியை வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் கம்பி குட்டையாகும் அளவுக்குக் கோணத்தில் பிழை கூடும். மற்றொரு வழி, முதலில் தகட்டை அகற்றுவது. அதற்குத் தகட்டின் நீளத்துக்குத் தொடையைத் திறக்க வேண்டும்; கிருமித் தொற்று அபாயமும், திருகுத் துளைகளின் வழியே எலும்பு மறுபடி முறியும் அபாயமும் உண்டு; சர்க்கரை நோயாளிக்கு அதை எளிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். நேவிகேஷனோ, அதைத் தன்னுள் கொண்ட ரோபோவோ இருந்தால், உட்குழலைத் தொடாமலே அளந்து வெட்டலாம்; தகடு நடுப்பகுதியில் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அதை அங்கேயே விட்டுவிடலாம். தகட்டின் கீழ்நுனி முழங்காலுக்கு மிக அருகே வந்து, புதிய பாகத்துக்கு இடையூறு செய்தால் மட்டுமே கீழ்த் திருகுகளை எடுப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே வலது காலுக்குக் கணினி உதவியுடன் செய்பவரையே நாடுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்கிறேன். பொறியாளர் நண்பர் சுட்டிக்காட்டிய ஆஸ்திரேலியத் தகவலையும் மதிக்கிறேன். இந்தக் காலுக்கு அந்த விவாதம் கூடத் தேவைப்படாது. நேவிகேஷனா ரோபோவா என்பதில் எனக்குக் குறிப்பான விருப்பம் இல்லை. உலோகம் உள்ளே இருக்கும்போது சி.டி. படத்தில் அதைச் சுற்றிச் சிதறல் தோன்றும் என்பதால், ஸ்கேனை அடிப்படையாகக் கொண்ட ரோபோவைத் தேர்ந்தெடுத்தால், தகடு இருப்பதை முன்பே தெரிவித்து, அவர்களுடைய திட்டமிடலுக்கு அது தடையாகுமா என்று கேளுங்கள். தொடையில் திருகுக் கம்பிகளைத் தகட்டில் படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். அத்துளைகளின் வழியே பின்னர் முறிவு ஏற்படுவது அரிது என்றாலும், வயதானவர்களிடம் அதற்கும் இடம் தராமல் நடப்பதே நல்லது. இடுப்பு மூட்டு நன்றாக அசைகிறதா என்றும் பார்க்க வேண்டும். இறுகிப்போன இடுப்பைச் சுழற்ற முடியாவிட்டால் அதன் மையத்தைக் கணினியால் சரியாகக் கண்டுபிடிக்க இயலாது.

அதற்கு முன்பாகச் செய்ய வேண்டியவை உண்டு. இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்ற நிலையில் முழுக் கால் எக்ஸ்ரேயும், வலது தொடைக்கு முன்னிருந்தும் பக்கவாட்டிலும் தனிப் படங்களும் எடுங்கள். எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறதா, எத்தனை டிகிரி என்பது அதில்தான் தெரியும். கோணல் மிக அதிகமாக இருந்தால் முழங்காலில் வெட்டும் வெட்டினால் மட்டும் அதை ஈடுகட்ட முடியாது. அப்போது மூட்டைப் பிடித்திருக்கும் இணைப்பு நார்களே அறுபட நேரிடும் என்பதால் தொடை எலும்பையே நேராக்க வேண்டி வரலாம். பழைய அறுவையின்போது சீழ் வைத்ததா, காயம் ஆற நாளாயிற்றா என்று அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படியிருந்தாலும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிடுவது நல்லது. பழைய தொற்று உறங்கிக்கொண்டிருந்தால் புதிய மூட்டுக்கு அதுதான் முதல் பகை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 7.5 விழுக்காட்டுக்கு அருகில் வரும் வரை அறுவையைத் தள்ளிவைக்கலாம். வலியோடு சில வாரங்கள் கூடுதலாகக் காத்திருப்பது துன்பம்தான். தொற்று வந்து மூட்டைக் கழற்ற நேர்வது அதைவிடப் பன்மடங்கு துன்பம்.

இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் செய்வதைப் பற்றி: வலது கால் இத்தனை சிக்கலானது என்று தெரிந்த பிறகு, அம்மாவுக்கு ஒவ்வொரு காலாகச் செய்வதையே நான் விரும்புவேன். நேவிகேஷனில் உட்குழலுக்குள் கம்பி செல்லாததால் கொழுப்புத் துகள்கள் ரத்தத்தில் கலப்பது குறைகிறது என்று காட்டிய ஆய்வுகள் உண்டு; அதையே காரணமாகக் காட்டி இரண்டையும் சேர்த்துச் செய்ய முன்வருபவர்களும் இருக்கிறார்கள். இதயத்தின் நிலையைப் பார்த்து மயக்க மருத்துவர் சொல்லும் முடிவுக்கு இதில் முதலிடம் கொடுங்கள். இடது காலைப் பொறுத்தவரை, அது எளிய முழங்காலாக இருந்தால், திருச்சியில் நீங்கள் முதலில் பார்த்த அனுபவம் மிக்க மருத்துவர் வழக்கமான கருவிகளைக் கொண்டு செய்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

தகடு வைத்த மருத்துவமனையின் பழைய குறிப்பேடோ, டிஸ்சார்ஜ் சீட்டோ வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். தகட்டின் வகையும் திருகுகளின் அளவும் அதில் இருக்கும். திருகுகளைக் கழற்ற நேர்ந்தால் அவற்றின் தலைக்குப் பொருந்தும் கருவியை மருத்துவர் முன்கூட்டியே வரவழைத்துக்கொள்ள அது உதவும். எக்ஸ்ரே எடுத்ததும் கோணம் எவ்வளவு என்று மருத்துவர் குறித்துத் தருவதை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.